இரண்டாம் படி

கதவைத் திறந்தபோது வெளியே யாரும் இல்லை.

வெளிவாயிலின் இரும்புக் கதவு முனகியதை அவன் தெளிவாகக் கேட்டிருந்தான். அதன்பின் சரளைக் கற்களின் மேல் கைத்தடியின் கூர்மையான தட்டல், வலக்காலின் அழுத்தமான மிதிப்பு, இடக்காலின் தேய்ந்த இழுப்பு. மறுபடியும் தடி, வலம், இடம். மூன்றாம் மாடி டீச்சரம்மாவின் நடையை வேறெந்த நடையோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தடி முதற்படியைத் தொட்டது. கால் இரண்டாம் படியில் விழுந்தது. தாழ்ப்பாளை நீக்கி, கதவை உட்புறமாக இழுத்து, வழக்கம்போல் தலையைச் சற்றே தாழ்த்தி, “வாங்கம்மா” என்றான். நிமிர்ந்து பார்த்தபோது வெயில் வடிந்து சாம்பல் நிறமாகிவிட்ட நடைபாதையும், சாத்தியபடியே இருந்த இரும்பு வாயிலும் மட்டுமே தெரிந்தன. மூடிய அறையொன்றைப் பல நாள் கழித்துத் திறந்தாற்போன்ற ஒரு வாடை அவன் முகத்தைத் தொட்டு உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் மாடிப்படிச் சுற்றின் உச்சியிலிருந்து தட்டும் ஓசை எழுந்தது. யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

ஒன்பது ஆண்டுகளாக அந்தக் குடியிருப்பின் வாயிற்காவலன் அவன். முகப்புக் கதவு ஒற்றைத் தேக்குப் பலகை. அதில் கண்ணாடி கிடையாது, துளை கிடையாது, வெளிப்புறம் பிடிப்பதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது. உள்ளே நிற்பவன் திறந்தால்தான் உண்டு. அழைப்பு மணி இருந்தது, ஆனால் அது கூரியர்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் உரியது என்பது குடியிருப்பவர்களின் எண்ணம். வாசலில் மூன்று கற்படிகள். இரண்டாம் படியில் கால் விழும்போது கதவு திறந்திருக்க வேண்டும் என்பது சங்கச் செயலாளர் வகுத்த விதி. அந்த விதிக்காக அவன் தன் செவிகளைப் பழக்கியிருந்தான். இரண்டாம் மாடி டாக்டரின் தோல் காலணி, குதிகாலில் தொடங்கி விரல் நுனியில் முடியும். செயலாளரின் ரப்பர் செருப்பு அடிக்கொருமுறை கீச்சிடும். விருந்தினர் வந்தால் செயலாளர் அவனைச் சுட்டிக்காட்டி, “இவன் கண்ணால பாக்கறதே இல்ல சார், எல்லாம் காதுதான்” என்று பெருமையடிப்பார். குடியிருப்பில் அவனுக்குக் காதுக்காரன் என்றே பெயர்.

கால்மணி நேரம் கழித்துக் கதவில் யாரோ உள்ளங்கையால் அறைந்தார்கள். திறந்தான். டீச்சரம்மா முகம் சிவந்து நின்றிருந்தார்.

“என்னப்பா, நின்னுகிட்டே தூங்கற பழக்கம் வந்துருச்சா? எவ்வளவு நேரமா நிக்கறது?”

“நீங்க வந்த சத்தமே கேக்கலையேம்மா…”

“காதுக்காரனுக்கே காது அடைச்சுப்போச்சா? நல்லாருக்கு போ.”

அவர் அவனைக் கடந்து நடந்தார். தடி பளிங்குத் தரையில் இறங்கியது, எழுந்தது, இறங்கியது. அவன் அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவர்க் கடிகாரத்தின் துடிப்பு கேட்டது. மின்விசிறியின் தளர்ந்த இறக்கை உரசுவது கேட்டது. டீச்சரம்மா முணுமுணுத்த வசவுகூட ஒரு சொல் குறையாமல் கேட்டது. தடி மட்டும் பஞ்சின் மேல் இறங்குவதுபோல் இறங்கியது.

மறுநாள் டாக்டர், படிக்கட்டில் நின்றபடியே சிறு விளக்கை அவன் செவிக்குள் பாய்ச்சிப் பார்த்தார். “உன் காது என் காதைவிட நல்லாருக்கு. இதை வச்சுகிட்டு சாக்கு வேற சொல்றியா?” என்று சிரித்தார். டீச்சரம்மா தொடர்ந்து ஆறு மாலைகள் மூடிய கதவின் முன் நின்றார். ஆறு முறையும் அவன் செவியில் ஒன்றும் விழவில்லை. ஆறு முறையும் வசவு. ஆறாம் நாளன்று அவர் திட்டியபோது குரலே மெலிந்திருந்தது. உதடுகளை உற்றுப் பார்த்தால்தான் சொற்கள் பிடிபட்டன.

ஏழாம் நாளிலிருந்து அவர் இறங்கி வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்றனர். பதினொன்றாம் நாள் அந்த மகனே தொலைபேசியில் பதறிக் கேட்டபின்தான் கதவை உடைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்திருந்தார். நான்கு நாட்களாகின்றன என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக, தனக்கே புரியாத குரலில் இன்னொன்றும் சொன்னார்:

“ஆனா நேத்து சாயங்காலம்கூட மேல தடி சத்தம் கேட்டுச்சே. தினமும் கேட்டுச்சு. அதனாலதான் நான் சந்தேகமே படல.”

உடைத்த கதவைச் சரிசெய்து, வீட்டைப் பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்தார்கள். அன்று மாலை மாடிப்படிச் சுற்றின் அடியில் நின்று அவன் செவி கொடுத்தான். மிக உயரத்தில், பூட்டிய வீட்டுக்குள், தடி, வலம், இடம்.

*

படிக்கட்டின் கீழ், சரிந்த கூரையோடு ஒற்றை அறை. அதுதான் அவன் வீடு. மனைவி எல்லா மாடிகளின் துணிகளையும் அங்கேயே இஸ்திரி போடுவாள். அறை எப்போதும் சூடான பருத்தியின் மணத்தோடு இருக்கும். அன்றிரவு அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“இதை வெளிய சொல்லிவைக்காதீங்க. அப்புறம் நீங்க மட்டும் இல்ல, நாம மூணு பேரும் பெட்டியைத் தூக்கணும். பாப்பாவுக்கு இன்னும் நாலு மாசத்துல முழுப் பரீட்சை.”

“நான் கேட்டேன்டி.”

“கேட்டீங்க, கேட்டீங்க. நான் கூப்பிட்டா மட்டும் ஒரு நாளும் கேக்காது.”

பாப்பா பாயில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்தாள். எட்டு வயது. அவளுடைய வலக்காலணியின் அடிப்பகுதி முன்புறம் பிரிந்து, நடக்கும்போது தரையில் அறையும். அவள் ஒருத்திக்கு மட்டும் செயலாளரின் விதி செல்லாது. முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஒரே தாவல், இரண்டாம் படியை மிதிப்பதே இல்லை. அவளுக்காக அவன் முதற்படியிலேயே கதவைத் திறந்துவிடுவான்.

அடுத்த வாரம், தெருவிளக்குகள் எரிவதற்குச் சற்று முன், தோல் காலணி வந்தது. குதிகாலில் தொடங்கி விரல் நுனியில் முடியும் நடை. அவன் மனம் வேண்டாம் என்றது. ஒன்பது ஆண்டுகள் பழகிய கை அதற்குள் தாழ்ப்பாளை நீக்கிவிட்டது. வாசல் வெறுமையாக இருந்தது. அதே மூடிய அறையின் வாடை. இம்முறை அவன் அசையாமல் நின்றான், ஆகவே முழுவதும் கேட்டான்: காலணி அவன் தோளருகே கடந்து, பளிங்கில் ஓசை மாறி, படியேறிச் சென்றது.

அரைமணி கழித்து டாக்டர் வந்து கதவை அறைந்தார். அவர் உள்ளே நடந்தபோது சுவர்க் கடிகாரம் மட்டும் துடித்தது.

அவன் செயலாளரிடம் ஓடினான். கதவில் ஒரு கண்துளை வைக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

“நூறு வருஷத் தேக்குல ஓட்டை போடறதா? உனக்கென்ன பைத்தியமா?”

“அப்ப எல்லாரையும் மணி அடிக்கச் சொல்லுங்க சார். மணி அடிச்சா மட்டும் திறக்கறேன். ராத்திரிக் காவல்காரர் அப்படித்தான் செய்யறாரு.”

“அவன் மணி அடிச்சாத்தான் முழிக்கவே முழிப்பான். மணி அடிச்சுதான் திறக்கணும்னா நீ எதுக்குப்பா? யாரும் இல்லாதப்ப காத்துக்குக் கதவைத் திறக்கற, ஆள் வந்தா திறக்கமாட்டேங்கற. ரெண்டு புகார் வந்தாச்சு. மூணாவது வந்தா ரூமைக் காலி பண்ணிக்க வேண்டியதுதான்.”

திரும்பி வரும்போது ஆத்திரத்தில் அவன் பற்கள் நறநறத்தன. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வைப்பதற்கு ஓரிடமும் இல்லாமல் அலைகிறவனின் ஆத்திரம். ஆனால் அந்த உரையாடலே அவனுக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. இரவுக் காவல்காரரிடம் அது ஒரு நாளும் வந்ததில்லை. வரவும் முடியாது. மணியை அழுத்த அதற்கு விரல் இல்லை. கதவை அறைய உள்ளங்கை இல்லை. அதனிடம் இருந்தது காலடி மட்டும். காலடியை நம்பிக் கதவு திறக்கும் ஒருவன் உலகத்தில் எங்கேயோ இருந்தால்தான் அதற்கு வழி. அப்படிப்பட்ட ஒருவனாகத் தன்னைத்தானே ஒன்பது ஆண்டுகளாகத் தீட்டிக்கொண்டு வந்திருந்தான் அவன்.

டாக்டர் இறங்கி வருவது நின்றது. மூன்றாம் நாள் செயலாளரைப் படிக்கட்டில் மறித்தான்.

“சார், டாக்டர் வீட்டு வாசல்ல மூணு நாள் பால் பாக்கெட் அப்படியே கிடக்கு. ஒரு தடவை கதவைத் திறந்து பாத்துடலாம் சார்.”

“எதுக்கு? அவருக்கு நேர் கீழ் வீடு என்னுது. நேத்து பூரா ஷூ போட்டுகிட்டு மேல நடந்துகிட்டே இருந்தாரு. நல்லாத்தான் இருக்காரு.”

“டீச்சரம்மாவும் அப்படித்தானே சார் நடந்தாங்க!”

செயலாளர் நாயை அதட்டும் குரலில், “வாசலுக்குப் போ” என்றார்.

அவன் வாசலுக்குப் போகவில்லை. இரண்டாம் மாடிக்குப் போனான். பால் பாக்கெட்டுகள் உப்பிப் புளித்து நாறின. மணியை அழுத்தினான். உள்ளே, வெகு தொலைவில், காலணி எழுந்தது. குதிகால், விரல். குதிகால், விரல். கூடத்தைக் கடந்து, நெருங்கி, கதவுக்கு மறுபுறம் வந்து நின்றது. பலகைக்கு அப்பால் ஒன்று அவனைப்போலவே செவி கொடுத்துக்கொண்டிருந்தது. மூச்சு விடும் ஓசை இல்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. அவன் பின்வாங்கி ஒரு படி இறங்கினான். உடனே உள்ளேயும் ஒரு காலடி. இன்னொரு படி இறங்கினான். இன்னொரு காலடி.

*

பாப்பாவிடம் அதை ஒரு விளையாட்டாகச் சொன்னான்.

“இனிமே நீ வந்தா மூணு தடவை மணி அடிக்கணும். அடிச்சாத்தான் அப்பா திறப்பேன்.”

“நானா? மணியா?” அவள் கண்கள் விரிந்தன. “செயலாளர் மாமா திட்டமாட்டாரா?”

“திட்டினா அப்பா பாத்துக்கறேன்.”

“நாலு தடவை அடிச்சா?”

“நாலு தடவை அடிச்சா காதைத் திருகுவேன். மூணு.”

நான்கு நாட்கள் அவள் மூன்று முறை மணியடித்தாள். அவள் பரபரப்பில் மணி அலறியது; அவனுக்கு அது அமுதமாக இருந்தது. ஐந்தாம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. பாப்பா பள்ளியிலிருந்து வரும் ஐந்தரை மணிக்குள் வானம் ஈரச் சாக்கைப்போல் இறங்கிவிட்டிருந்தது. நடைபாதையின் சாக்கடைத் துளைகளில் நீர் கொப்பளிக்கும் ஓசையும், நனைந்த தேக்கிலிருந்து கிளம்பும் பழைய எண்ணெயின் மணமும் முன்கூடத்தை நிறைத்தன. மின்விசிறி தயங்கியது. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. நின்றது.

மின்சாரம் போய்விட்டது என்பது புரிந்த அதே கணத்தில் மணியும் போய்விட்டது என்பது புரிந்தது.

“சீச்சீ” என்று வாய்விட்டே சொன்னான். எத்தனை யோசித்தான், எத்தனை பேரிடம் கெஞ்சினான். கதவைத் திறந்துவைத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன? திறந்த கதவு அதற்கும் திறந்த கதவுதானே. படிக்கட்டுக்கு அடியில் மனைவி மெழுகுவத்தியைத் தேடிப் பெட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வாயெடுத்தான்.

இரும்பு வாயில் முனகியது.

சரளைக் கல். சிறிய கால்கள். ஓடி வருகின்றன. வலக்காலணியின் பிரிந்த அடிப்பகுதி ஒவ்வோர் எட்டுக்கும் கல்லை அறைகிறது. டப். டப். டப். முதற்படி. தாவல். மூன்றாம் படி.

மௌனம்.

அவன் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து இழுத்தான்.

“பாப்பா?”

மழை.

“பாப்பா, அப்பாகிட்ட ஏதாவது பேசு. கையால தட்டு கண்ணு. கதவைத் தட்டு.”

தட்டவில்லை. இத்தனை கனமான பலகை. இத்தனை மழை. அவன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்குமா? அவள் பதில் சொல்லி இவனுக்குக் கேட்காமல் போயிருக்குமா? நெற்றியைப் பலகையில் அழுத்தினான். ஈர மரம். மறுபுறம், கதவின் அடியிலிருந்து வருவதுபோல், ஒரு பொறுமையிழந்த மிதிப்பு. கதவு திறக்கத் தாமதமானால் அவள் மிதிப்பாளே, அதே மிதிப்பு. டப். டப்.

“என்ன நடக்குது இங்க?”

துள்ளித் திரும்பினான். இருட்டில் செயலாளர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

“குழந்தை வெளிய நின்னு காலை உதைக்கற சத்தம் எனக்கே கேக்குது. உனக்குக் கேக்கலையா? திற!”

“சார், அது பாப்பா இல்ல சார்.”

“பெத்த பிள்ளையையே மழையில நிக்க வைக்கறியா? நீயெல்லாம் ஒரு அப்பனா?”

டப். டப். டப். வேகமாக. அழுகைக்கு முந்தைய மிதிப்பு. அறையிலிருந்து மனைவியின் குரல்: “பாப்பா வந்துட்டாளா? ஏன் இன்னும் திறக்கல?”

“மூணாவது புகாரே நான்தான்யா!” செயலாளர் ஓர் அடி முன்னே வைத்தார். ரப்பர் செருப்பு ஈரப் பளிங்கில் பதிந்தது. விலகியது. மறுபடி பதிந்தது.

கீச்சொலி இல்லை.

அவன் அந்தச் செருப்பைப் பார்த்தான். நேற்று அதே செருப்பின் கீச்சொலிக்குக் கதவைத் திறந்தது நினைவுக்கு வந்தது. திறந்துவிட்டு, குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. வந்தவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடுப்பில்.

“சார்… உங்க செருப்பு…”

“திற!”

டப்.

அவன் திறக்கவில்லை. கை திறந்தது. ஒன்பது ஆண்டுகள் திறந்தன. தாழ்ப்பாள் வழுக்கி விலகியது, கதவு உள்ளே வந்தது, தலைகூடத் தன்போக்கில் சற்றே தாழ்ந்தது.

மூன்றாம் படி. மழைத்துளிகள் தெறிக்கும் வெறுங்கல்.

மூடிய அறையின் வாடை.

அவன் இடுப்பை உரசுவதுபோல் ஒன்று உள்ளே ஓடியது. பளிங்கில் டப், டப், டப். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையை நோக்கித் திரும்பவில்லை. மேலே ஏறியது. ஒரு படி விட்டு ஒரு படி தாவி ஏறியது. முதல் மாடி. இரண்டாம் மாடி. அங்கே தோல் காலணி ஒன்று எழுந்து அதனோடு சேர்ந்துகொண்டது. இன்னும் மேலே, தடி.

“யாரும் இல்லையே” என்றார் செயலாளர். அவர் குரல் மெலிந்திருந்தது.

இரும்பு வாயில் திறந்தது.

புத்தகப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பாப்பா ஓடி வந்தாள். அவள் கால் பட்டுச் சரளைக் கற்கள் சிதறின. தேங்கிய நீர் முழங்கால் வரை தெறித்தது. மழையின் ஓசை அவன் செவியில் நிறைந்திருந்தது. தகரக் கூரையின் படபடப்பு, சாக்கடையின் கொப்பளிப்பு, தன் மனைவி வாசலுக்கு விரைந்து வரும் வெறுங்காலின் ஓசை, எல்லாமும். அவள் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவினாள். திறந்த கதவைக் கண்டும், சொன்ன சொல் தவறாமல், உயிரற்ற மணியை மூன்று முறை அழுத்தினாள்.

“அடிச்சுட்டேன்ப்பா!”

பெருமையில் சிரித்துக்கொண்டு, காலணியில் புகுந்த நீரை உதற, வலக்காலைத் தூக்கிக் கற்படியில் ஓங்கி மிதித்தாள். பிரிந்த அடிப்பகுதி வாய் திறந்து மூடியது. மறுபடி மிதித்தாள். மறுபடி.

மூன்றாம் மாடியின் பூட்டிய வீட்டிலிருந்து, அவள் கால் இறங்கும் அதே கணங்களில், டப். டப். டப்.